எத்தனை முறை பறந்தீர்கள் என்று கேட்காதீர்கள்

கண் பார்த்ததை மூளை உணர்ந்து, கை அசைவதற்குள் ஏறக்குறைய 0.2 விநாடி ஓடிவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருள் அதற்குள் 5 மீட்டர் கடந்திருக்கும். தலைகீழாகத் தரையை நோக்கிப் பாயும் ஒரு மாதிரி விமானத்தை, தரைக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் கூர்மையாக மடக்கி மட்டமாகப் பறக்கவிட வேண்டும். தரை நெருங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு கையை அசைப்பவருக்கு மிஞ்சுவது பால்சா மரச் சிராய்கள்தான்.

ஆனாலும் அதை ஒருவர் செய்கிறார். ஒரு முறையல்ல, ஏழே நிமிடத்தில் பல முறை. உலகின் பல நாடுகளில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக விளையாடப்பட்டு வரும் கன்ட்ரோல் லைன் ஸ்டண்ட் என்ற அந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதில்லை. பயிற்சி என்றாலே மணிக்கணக்கும் நாள்கணக்கும் பேசும் நம் வழக்கத்துக்கு அதில் ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது.

ரிமோட் விமானம் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இங்கே ரேடியோ கிடையாது. விமானத்தின் இடது இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் புறப்பட்டு, வட்டத்தின் நடுவே நிற்பவரின் கையிலுள்ள கைப்பிடியில் வந்து முடிகின்றன. கைப்பிடியை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும். விமானத்துக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோல் திரும்பும். வாலிலுள்ள எலிவேட்டர் அசையும். மூக்கு மேலே எழும். கீழே சாய்த்தால் எல்லாம் எதிர்மாறாக. ஓட்டுபவர் கையில் இருப்பது இந்த மேல், கீழ் இரண்டு மட்டுமே. விமானம் அவரைச் சுற்றிச் சுற்றியே பறக்கும். சர்வதேசப் போட்டி விதிப்படி கம்பியின் நீளம் 21.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடிக்குச் சற்றுக் கூடுதல். ஒன்றே முக்கால் கிலோ எடையுள்ள விமானம் அந்த வேகத்தில் சுற்றும்போது கையில் உணரும் இழுவிசை சுமார் 5 கிலோ.

வெறுமனே சுற்றுவதற்கு மதிப்பெண் இல்லை. கம்பியின் நீளத்தை ஆரமாகக் கொண்ட அரைக்கோளம் ஒன்றை மனத்தில் வரைந்துகொண்டு, அதன் பரப்பில் உருவங்களை எழுத வேண்டும். மூன்று உள்வளையங்கள், தலைகீழாக இரண்டு சுற்று, மூன்று வெளிவளையங்கள், சதுர வளையங்கள், முக்கோண வளையங்கள், படுத்த எட்டு, சதுர எட்டு, நின்ற எட்டு, மணற்கடிகை, தலைக்கு நேர் மேலே எட்டு, கடைசியாக நான்கிதழ்ப் பூ. பிறகு தரையிறக்கம். ஒவ்வோர் உருவமும் எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிய வேண்டும் என்று விதி உண்டு. பெரும்பாலானவற்றுக்கு அடி ஒன்றரை மீட்டர், உச்சி 45 டிகிரி. நடுவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்று மதிப்பெண் போடுவார்கள். கடினமான உருவத்துக்குப் பெருக்கு எண் அதிகம்.

சதுர வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 15 மீட்டர். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஒரு பக்கத்தைக் கடக்க 0.6 விநாடி. ஆக, அரை விநாடிக்குச் சற்று மேலே ஒரு மூலை வந்துகொண்டே இருக்கும். இரண்டு சதுரங்களுக்கு எட்டு மூலைகள், ஐந்து விநாடிக்குள். ஒரு மூலையைத் திருப்பி முடித்து, அது சரியாக வந்ததா என்று யோசித்தால், யோசித்து முடிவதற்குள் அடுத்த மூலை போய்விட்டிருக்கும். வருவதற்கு முன்பே கை அறிந்திருக்க வேண்டும். அது எப்படி வாய்க்கிறது என்பதுதான் கேள்வி.

வழக்கமான பதில் எல்லோருக்கும் தெரிந்தது. நிறையப் பறக்க வேண்டும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று படித்து வளர்ந்தவர்கள்தானே நாம். பழக்கம் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால், எண்ணிக்கையைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனமான கணக்கு. ஒரே தவறை ஐந்நூறு முறை பறந்தவருக்குக் கிடைப்பது, அந்தத் தவறை ஆட்டம் காணாமல் செய்யும் திறமை.

இந்த எண்ணிக்கை மோகத்துக்கு உலக அளவில் ஒரு பெயர் இருக்கிறது: பத்தாயிரம் மணி நேரம். மால்கம் கிளாட்வெல் 2008-இல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' புத்தகம் அதைப் பரப்பியது. அதற்கு மூலம் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் வேறு இருவரும் சேர்ந்து பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு. எரிக்சன் அழுத்திச் சொன்னது மணிக்கணக்கை அல்ல. இன்ன குறையைத் திருத்தப் போகிறேன் என்று குறித்துக்கொண்டு, முழுக் கவனத்தோடு, உடனுக்குடன் விளைவை அறிந்து திருத்திக்கொள்ளும் பயிற்சியைத்தான் அவர் சொன்னார். அப்படிப்பட்ட பயிற்சியை ஒரு நாளில் சில மணி நேரத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது என்றும் எழுதினார். 2014-இல் புரூக் மெக்நமாராவும் இரு சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டுத் திறனில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 18 சதவீதத்தை மட்டுமே அந்த வகைப் பயிற்சியின் அளவு விளக்கியது. மீதி எங்கே என்று இன்னமும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். மணிக்கணக்கை மட்டும் பிடித்துத் தொங்குவது பயனில்லை என்பதற்கு இது போதும்.

ஸ்டண்ட் பறப்பில் எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ஓட்டுபவர் கோளத்தின் மையத்தில் நிற்கிறார். அவருக்கு எல்லா உருவமும் தன்னிலிருந்து சம தூரத்தில், தன் முகத்துக்கு நேரே தெரிகிறது. நடுவரோ வட்டத்துக்கு வெளியே, காற்று வரும் திசையில் நிற்கிறார். உருவங்கள் காற்று போகும் பக்கத்தில், அதாவது ஓட்டுபவருக்கு அப்பால், நடுவரிடமிருந்து நாற்பது மீட்டருக்கு மேல் தள்ளி எழுதப்படுகின்றன. முதல் வளையத்தின் மேலேயே இரண்டாவதும் மூன்றாவதும் படிந்தனவா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நழுவினவா? நடுவருக்குப் பளிச்சென்று தெரியும். மையத்தில் நிற்பவரின் தலையும் தோளும் விமானத்தோடு சேர்ந்தே நழுவியிருக்கும். அவருக்கு ஒரு குறையும் தெரியாது. அடி உயரமும் அப்படித்தான். ஒன்றரை மீட்டர் என்பது கிட்டத்தட்டக் கண் மட்டம். பயம் காரணமாகக் கை ஒவ்வொரு முறையும் இரண்டரை மீட்டரில் மட்டமாக்கத் தொடங்கினால், சில வாரங்களில் கண்ணுக்கு அதுவே ஒன்றரை மீட்டராகப் படிந்துவிடும்.

பாடகர் தன் குரலைத் தானே கேட்பதும் சபையின் கடைசி வரிசையில் இருப்பவர் கேட்பதும் வேறு வேறு என்பது போலத்தான் இதுவும். அதனால் இந்த விளையாட்டில் பழுத்தவர்கள் தனியாகப் பறப்பதைப் பயிற்சி என்று பெரிதாக மதிப்பதில்லை. நடுவர் நிற்கும் இடத்தில் ஒருவரை நிறுத்துகிறார்கள். அவர் பாராட்டத் தேவையில்லை. மூன்றாவது மூலை மழுங்கல், இரண்டாவது வளையத்தின் அடிப்பகுதி ரொம்ப உயரம், எட்டின் கோடுகள் வெட்டும் இடம் இடப்பக்கம் தள்ளிவிட்டது என்று சொன்னால் போதும். அடுத்த பறப்பில் அந்த ஒன்றை மட்டும் திருத்த முயல்கிறார்கள். இப்போது காணொளி வந்துவிட்டது. அதுவும் உதவும். ஆனால், தரையிறங்கிய உடனே, கையில் அந்த இழுவிசையின் நினைவு ஆறுவதற்குள் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு உள்ள பலம் மாலையில் வீட்டில் பார்க்கும் படத்துக்கு இல்லை.

இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் இவ்வளவு கறார் கிடையாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரர் ஜிம் வாக்கர், 1940-களில் 'யூ-கன்ட்ரோல்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கி இதைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பினார். அதே மாநிலத்தைச் சேர்ந்த ஓபா செயின்ட் கிளேர் அவருக்கு முன்பே இதே முறையில் பறக்கவிட்டவர் என்பது பின்னால் வழக்கில் வெளிவந்து, 1955-இல் வாக்கரின் காப்புரிமை உரிமைகோரல் தோற்றது. ஆனாலும் கூட்டத்தைக் கட்டிப்போடுவதில் வாக்கரை மிஞ்ச ஆளில்லை. இரண்டு கைகளில் இரண்டு விமானங்கள், தலையில் மாட்டிய கம்பியில் மூன்றாவது என்று ஒரே நேரத்தில் மூன்றைப் பறக்கவிடுவார். வேடிக்கைக்கு அது சரி. 1950-களில் ஜார்ஜ் ஆல்ட்ரிச்சின் 'நோப்ளர்' போன்ற விமானங்கள் வந்த பிறகு கதை மாறியது. தடித்த இறக்கை, அதன் பின்விளிம்பில் எலிவேட்டரோடு சேர்ந்தசையும் ஃபிளாப் என்ற மடல், கூர்மையான மூலைகளை எடுக்கும் திறன். விமானம் இத்தனை நுணுக்கமாகத் திரும்பத் தொடங்கியதும் குறை சொல்ல இடம் ஓட்டுபவரிடம் மட்டுமே மிஞ்சியது.

சரி, அந்த ஏழு நிமிடம் மனம் எங்கே இருக்க வேண்டும்?

தொடக்கக்காரருக்கு இந்தக் கேள்விக்கே இடமில்லை. முதல் சில பறப்புகளில் தலை சுற்றும். கண்ணை விமானத்தின் மேல் வைத்து, பின்னணி ஓடுவதைக் கவனிக்காமலிருக்கப் பழகினால் அது அடங்கும். அதைத் தாண்டியவரை அடுத்துக் காத்திருப்பது தலைகீழ்ப் பறப்பு. விமானம் கவிழ்ந்த நிலையில் இருக்கும்போது கைப்பிடியை மேலே சாய்த்தால் அது தரையை நோக்கிப் போகும். ஆபத்து என்று பதறும் கை பழைய பழக்கத்தில் மேலே சாய்க்கும். பல விமானங்களின் ஆயுள் முடிவது அந்த ஒரு பதற்றத்தில்தான்.

தேர்ந்தவருக்கு வரும் ஆபத்து வேறு வகை. தன் கையைத் தானே கவனிக்கத் தொடங்குவது. சியன் பெய்லாக்கும் குழுவினரும் 2002-இல் கோல்ஃப், கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனையில், தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தங்கள் அசைவையே கவனிக்கச் சொன்னபோது ஆட்டம் கெட்டது. புதியவர்களுக்கு அதே அறிவுரை உதவியது. காப்ரியேலா வுல்ஃப் 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சி எந்திரத்தில் நடத்திய ஆய்வு இன்னும் நேரடியானது. தன் பாதத்தை நினைத்துக்கொண்டு பயின்றவர்களைவிட, பாதத்துக்குக் கீழே எந்திரத்தின் சக்கரத்தை நினைத்துக்கொண்டு பயின்றவர்கள் நன்றாகக் கற்றார்கள். சில சென்டிமீட்டர் தள்ளி மனத்தை வைத்ததற்கே அந்த வித்தியாசம்.

மைதானத்துக்கு வந்தால் இதன் பொருள் தெளிவு. மணிக்கட்டை எவ்வளவு மடக்க வேண்டும் என்று யோசிப்பவர் மூலையைக் கெடுப்பார். விமானம் எந்தப் புள்ளியில் திரும்ப வேண்டும் என்று அந்தப் புள்ளியைப் பார்ப்பவருக்குக் கை தானே வரும். தேர்ந்தவர்கள் விமானத்துக்குப் பின்னாலேயே கண்ணை ஓட்டுவதில்லை. விமானம் போக வேண்டிய இடத்துக்குக் கண் முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்ததும் இத்தகைய பார்வையைத்தான். கூடைப்பந்தை எறியும் முன் தேர்ந்த ஆட்டக்காரரின் கண் குறியின் மேல் அலையாமல் நெடுநேரம் நிலைக்கிறது என்று அவர் காட்டினார்.

இன்னொரு கண்ணி, இரண்டு உருவங்களுக்கு நடுவே உள்ள சும்மாச் சுற்று. ஒன்றிரண்டு சுற்று, எட்டுப் பத்து விநாடி. விமானம் மட்டமாகத் தானே போய்க்கொண்டிருக்கும். மனம் பின்னால் ஓடுவது அப்போதுதான்: 'முக்கோணம் கெட்டுப்போச்சே, எத்தனை மதிப்பெண் போயிருக்கும்?' முக்கோணம் முடிந்த கதை. ஆனால் அதை நினைத்துக்கொண்டே நுழைந்தால் அடுத்த எட்டும் கெடும். அந்தப் பத்து விநாடிக்கு மனத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார்கள் அனுபவசாலிகள். காற்று எந்தத் திசை என்று பார்ப்பது, தொடுவானத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ நடுப்புள்ளியாகக் குறித்துக்கொள்வது, கால்களை அதற்கேற்ப வைப்பது, வரும் உருவத்தின் முதல் மூலையை மட்டும் ஒருமுறை மனத்தில் ஓட்டுவது. எல்லாம் முடிய நேரம் சரியாக இருக்கும். வருத்தப்பட இடமே கிடைக்காது.

தலைக்கு மேல் எட்டுப் போடும்போது இந்த ஒழுங்கு கைகொடுக்கும். விமானம் நேர் மேலே இருக்கையில் அதன் எடை கம்பியின் இழுவிசைக்கு எதிராக வேலை செய்கிறது. மட்டப் பறப்பில் 5 கிலோவாக இருந்த பிடி சட்டென்று 3 கிலோ அளவுக்குத் தளரும். வேகம் குறைந்தால் இன்னும். கம்பி தொய்ந்தால் கட்டுப்பாடே போயிற்று. கழுத்து அண்ணாந்திருக்கும், சூரியனால் கண் கூசும். பதறுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. அங்கே புதிதாக முடிவெடுக்க நேரமில்லை. கம்பி தளர்ந்தால் ஓரடி பின்வாங்குவது என்ற முடிவு தரையிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

தரையிலேயே என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. போட்டி மைதானங்களின் ஓரத்தில் ஒரு காட்சி வெளியாருக்குச் சிரிப்பு மூட்டும். வளர்ந்த மனிதர்கள் கையை விமானம் போல நீட்டிக்கொண்டு, கண்ணை மூடியோ மூடாமலோ, மெதுவாகச் சுழன்று காற்றில் வளையம் போடுவார்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும் இதையே அமெரிக்கக் கடற்படையின் 'புளூ ஏஞ்சல்ஸ்' சாகச விமானிகளும் செய்கிறார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தலைவர் கட்டளைகளை அதே ராகத்தில் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் கண்ணை மூடி, இல்லாத கட்டுப்பாட்டுக் கோலைக் கையால் அசைத்து முழுக் காட்சியையும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

துப்பாக்கி சுடும் வீரர் லானி பாஷமின் கதையும் இங்கே பொருந்தும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பதற்றத்தால் தங்கத்தைக் கோட்டைவிட்டு வெள்ளியோடு திரும்பினார். சுடும் நுட்பத்தில் தனக்குக் குறையில்லை, மனத்தில்தான் என்று முடிவுகட்டி, தங்கம் வென்றவர்களைத் தேடிப்போய் அவர்கள் சுடும்போது என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். 1976 மான்ட்ரியலில் தங்கம். அந்தப் போட்டியில் சக அமெரிக்கர் மார்கரெட் மர்டாக் அவருக்குச் சமமான புள்ளிகள் எடுத்து, சமன்முறிவு விதியால் வெள்ளி பெற்றார். தேசிய கீதம் ஒலித்தபோது பாஷம் அவரைத் தன் மேடைக்கு இழுத்து நிறுத்திக்கொண்டார். மன உறுதி பற்றிய கதையாக இதை எல்லோரும் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது, அவர் கூடுதலாக எத்தனை தோட்டா சுட்டார் என்று போகாமல் எதை நினைப்பது என்று கேட்கப் போனதைத்தான்.

இனி, பறக்கும் பயிற்சியையே எப்படி அடுக்குவது என்ற கேள்வி. ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் சீக்கிரம் மெருகேறும், ஓட்டுபவருக்கும் திருப்தி. அந்தத் திருப்தியை நம்பக்கூடாது. ஜான் ஷீயும் ராபின் மார்கனும் 1979-இல் கை அசைவுகளைக் கற்பித்துச் செய்த சோதனை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே அசைவைத் தொடர்ந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். அசைவுகளைக் கலந்துகட்டிப் பயின்றவர்கள் அப்போது தடுமாறினார்கள். ஆனால், நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பயின்றவர்களே மேல். போட்டியில் ஒவ்வோர் உருவமும் ஒரு முறைதான் வரும். அதுவும் வேறோர் உருவத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு. ஆகவே குறையுள்ள உருவத்தைத் தனியே சில முறை போட்டுத் திருத்திவிட்டு, உடனே முழு வரிசைக்குள் அதைக் கொண்டுவந்து பார்ப்பதே ஒழுங்கான வழி.

சோதனைப் பறப்பையும் பயிற்சிப் பறப்பையும் கலப்பது இன்னொரு பெரிய வீண். கம்பி இடைவெளியை மாற்றி, இறக்கை முனை எடையைக் கூட்டி, புரொப்பெல்லரை மாற்றி, அதே பறப்பில் சதுர மூலையையும் திருத்தப் பார்ப்பார்கள் பலர். மூலை நன்றாக வந்தால் அது கையாலா எடையாலா? யாருக்கும் தெரியாது. முன்பு இதற்கு எஞ்சின் ஒரு சாக்கு. 1940-களின் இறுதியில் வந்த 'ஃபாக்ஸ் 35' தொடங்கி, மட்டமாகப் பறக்கையில் ஒரு சத்தமும் மூக்கு எழும்போது இன்னொரு சத்தமுமாக ஓடும் மெத்தனால் எஞ்சின்களின் மனநிலையை அறிவதற்கே பாதிக் காலம் போகும். இப்போது மின் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வந்துவிட்டன. சுழற்சி வேகம் மாறாமல் காக்கும் மின்னணுக் கருவி, குறித்த நேரத்தில் நிறுத்தும் டைமர். எஞ்சின் சத்தத்துக்கு ஏங்குபவர்கள் குறைபட்டுக்கொள்ளட்டும். பயிற்சிக்கு இது நல்லது. ஒரு பறப்புக்கும் அடுத்ததற்கும் மாறியது ஓட்டுபவர் மட்டுமே என்று நம்பி எழுதிவைக்க முடிகிறது.

எதிர்ப்பேச்சு ஒன்று வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவரிடம் போய் நோட்டுப் புத்தகமும் மேற்பார்வையும் பேசுவது அநியாயம் இல்லையா? நியாயமான கேள்விதான். மகிழ்ச்சிக்காகப் பறப்பவர் மகிழ்ச்சியாகப் பறக்கட்டும். தான் பயிற்சியில் இருப்பதாக அவர் சொல்லாதவரை யாருக்கும் குறையில்லை. வயதும் ஒரு தடையாகச் சொல்லப்படுகிறது. இந்த விளையாட்டின் மேல்தட்டில் நடுவயதைத் தாண்டியவர்கள் நிறையவே இருக்கிறார்கள். எதிர்வினை வேகம்தான் எல்லாம் என்றால் அவர்கள் இளைஞர்களிடம் என்றோ தோற்றிருக்க வேண்டும். மூலை வருவதற்கு முன்பே அதை அறிந்திருக்கும் கண், 0.2 விநாடியை நம்பி வாழ வேண்டியதில்லை.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பாடமாகவே இருக்கிறது. அந்தப் படை நடத்தும் அகில இந்திய வாயு சைனிக் முகாமின் போட்டிகளில் கன்ட்ரோல் லைன் பறப்பும் ஒன்று. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அந்தச் சீருடை அணிந்த மாணவர்களும் மாணவிகளும் இருக்கிறார்கள். ட்ரோனுக்குக் கிடைக்கும் வெளிச்சம் இந்தக் கம்பி விமானத்துக்குக் கிடைக்காது. தானே சமநிலை காத்துக்கொள்ளும் ட்ரோன், ஓட்டுபவர் கையை எடுத்தாலும் அந்தரத்தில் நிற்கும். கம்பி விமானம் அரை விநாடிக் கவனக்குறைவையும் மன்னிப்பதில்லை. கவனத்தைப் பழக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறவர்கள், அதைக் கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய இந்த மலிவான கருவியை ஏன் கண்டுகொள்வதில்லை என்பது புரியவில்லை.

மாணவர் படை அதிகாரிகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் சில வேண்டுகோள்கள். மின்கம்பிகள் அருகே இல்லாத திறந்த மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். எஃகுக் கம்பியைக் கையில் பிடித்து ஆடும் விளையாட்டு இது, மின்னலோ மழையோ தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். முகாமுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அவசர அவசரமாகப் பறப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். பறக்கும் மாணவர் ஒவ்வொருவருக்கும் வட்டத்துக்கு வெளியே நடுவர் நிற்கும் இடத்தில் இன்னொரு மாணவரை நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்துங்கள். தரையிறங்கியதும் பறந்தவர் முதலில் தனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். பிறகு பார்த்தவர் எழுதியதை வாசிக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒன்றே ஒன்றை அடுத்த பறப்புக்குக் குறித்துக்கொடுங்கள். இதற்குக் கூடுதல் நிதியோ அரசாணையோ வேண்டியதில்லை.